வீட்டுச் சுவரில் ஏர்பிரஷ் ஓவியம்: எந்தப் பெயிண்ட், எதை ஊற்றி இளக்குவது?

பிள்ளையின் படுக்கையறையில் மயில் வரையலாம், பூஜை மாடத்துக்குப் பின்னால் கோபுரம் வரையலாம் என்று முடிவானதும் அடுத்து வருவது பெயிண்ட் பேச்சுதான். ஒருவர், காற்றழுத்தத்தால் பெயிண்ட்டை மெல்லிய தூறலாகத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷுக்கென்றே விற்கும் பாட்டில்களை வாங்கச் சொல்வார். இன்னொருவர், சுவருக்கு அடிக்கிற எமல்ஷனில் தண்ணீர் விட்டு அடித்தால் போதும், காசை ஏன் கரியாக்க வேண்டும் என்பார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் வீட்டில், நம் ஊர்க் காற்றில், ஒரு முழுச் சுவருக்கு என்று பார்த்தால் இரண்டுமே தனியாக நின்று கைகொடுக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்பூச்சுக்கும் வானம், மலை மாதிரி பெரிய பரப்புக்கும் வீட்டு எமல்ஷன். ஓவியத்தின் பெரும்பகுதிக்கு ஓவியர்கள் வாங்கும், ஓடும் பதத்தில் வரும் ஃப்ளூயிட் அக்ரிலிக். கண், முகம், இறகின் நுனி போன்ற இடங்களுக்கு மட்டும் ஏர்பிரஷ்ஷுக்கென்றே தயாரான பெயிண்ட். எதை வாங்கினாலும் சரி, அதில் எதை ஊற்றி இளக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே ஓவியம் நிற்கும், அல்லது தேய்ந்து போகும்.

ஒரு வகையை உடனே ஒதுக்கிவிடலாம். டர்பன்டைன் கேட்கும் எனாமல், தின்னர் கேட்கும் கார் பெயிண்ட் இரண்டும் வீட்டுக்குள் வேண்டாம். ஏர்பிரஷ்ஷின் நுனித் துளையான நாசிலில் அவை அழகாக ஓடும், வழவழப்பாகக் காயும், உண்மைதான். ஆனால் ஆட்கள் தூங்கும் அறையில் அந்த ஆவி நாள் கணக்கில் தங்கும். ஹார்டனர் கலக்கும் கார் பெயிண்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் பொருள் அது, வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகக்கவசம் போட்டுக்கொண்டு பட்டறையில் அடிக்க வேண்டியது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்துகளில் ஆர்ட்வாக் என்ற பொதுக் கலைத் திட்டத்தில் வரைந்த சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு அதே பளபளப்பை வீட்டுக்குள் கேட்பவர்கள் உண்டு. அவை வெயிலையும் மழையையும் தாங்க வேண்டிய வெளிச்சுவர்கள். வீட்டுக்குள் நமக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும்.

எமல்ஷனின் பலமும் பலவீனமும்

எமல்ஷனை நோக்கி எல்லோரையும் இழுப்பது விலை. நிப்பான் பெயிண்ட், டுலக்ஸ் எல்லாம் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். நிற அட்டையைக் காட்டினால் இயந்திரத்தில் கலந்து கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். 2.6 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம் உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) அறைச் சுவர் 8 சதுர மீட்டர்கூட இல்லை. இதே பரப்பை 60 மி.லி. பாட்டில்களால் நிரப்பக் கணக்குப் போட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

சிக்கல் டின்னுக்குள் இருக்கிறது. மேட் எமல்ஷன் பளபளக்காமல் இருக்கக் காரணமே அதில் நிறமியும் சுண்ணத்தூள், டால்க் போன்ற நிரப்பிகளும் அதிகம், அவற்றைப் பிடித்து வைக்கும் பைண்டர் குறைவு என்பதுதான். ரோலரில் பூசும்போது படலம் தடிமனாக விழுவதால் அது தாங்குகிறது. அதே பெயிண்ட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு மெல்லிய தூறலாக அடிக்கும்போது, ஏற்கெனவே குறைவாக இருந்த பைண்டர் இன்னும் மெலிதாகப் பரவுகிறது. அதிலும் ஒரு பகுதியைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த பிறகு கறுப்புத் துணியால் லேசாகத் துடைத்துப் பாருங்கள், நிறம் துணிக்கு வந்துவிடும். பிள்ளைகள் கை வைக்கும் உயரத்தில் அந்த ஓவியம் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது.

இதற்கு வழி உண்டு. எமல்ஷனைத் தண்ணீரால் மட்டும் இளக்காமல், நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தால் முதலில் இளக்குங்கள். மீடியம் என்பது நிறமி இல்லாத பைண்டர்தான். அது சேரும்போது பெயிண்ட் இளகவும் செய்கிறது, பிடிப்பும் கூடுகிறது. 2 பங்கு எமல்ஷனுக்கு 1 பங்கு ஏர்பிரஷ் மீடியம் கலந்துவிட்டு, அதன் பிறகும் கெட்டியாக இருந்தால் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஃப்ளோட்ரால் மாதிரியான எமல்ஷன் கண்டிஷனரும் உதவும். பெயிண்ட்டைச் சீராகப் பரவவிடும், நுனியில் சட்டென்று காயவிடாது. ஆனால் மீடியம் தரும் பிடிப்பை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எமல்ஷனிலேயே எதை வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடிப்பூச்சு மேட்டாக இருக்கட்டும்; மேலே விழும் தூறல் அதில் நன்றாக ஒட்டும், வழியாது. ஏர்பிரஷ்ஷில் ஊற்ற வாங்குவது மட்டும் லேசாக மினுங்கும் சாட்டினாக இருக்கட்டும். சாட்டினில் பைண்டர் அதிகம், கரடான நிரப்பி குறைவு. இப்படி அடித்தால் சில இடம் மினுங்கும், சில இடம் மங்கலாகத் தெரியும். கடைசியில் முழுச் சுவருக்கும் மேட் வார்னிஷ் ஒன்று கொடுத்துவிட்டால் அது சரியாகிவிடும்.

அப்புறம், அடர்ந்த நிறங்கள். கருநீலம், கரும்பச்சை, ஆழ்ந்த சிவப்பு போன்றவற்றைக் கடையில் கலக்கும்போது டீப் பேஸ் என்ற, அடர் நிறங்களுக்கான அடிப் பெயிண்ட்டில் நிறக்கூழை நிறைய விடுவார்கள். அந்தக் கூழ் பலவற்றில் மெதுவாக ஆவியாகும் கிளைக்கால் என்ற திரவம் இருப்பதால் காய நேரம் எடுக்கும். நம் ஈரக் காற்றில் தொட்டால் ஒட்டுகிற நிலையிலேயே பல நாள் கிடக்கும், அதன் மேல் டேப் ஒட்டினால் உரிந்து வரும். அடர் நிறங்களுக்கு எமல்ஷனை நான் பரிந்துரைப்பதே இல்லை.

எமல்ஷனின் கடைசிக் குறை நிறத்தின் தன்மை. மயிலின் கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்துக்கு அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்க்க வேண்டும். ஒளி மேல் படலத்தைத் தாண்டிக் கீழே போய்த் திரும்பி வந்தால்தான் அது நடக்கும். கடையில் கலந்த எமல்ஷனில் பெரும்பாலும் டைட்டேனியம் வெள்ளை இருக்கிறது. அது ஒளியை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். எத்தனை கோட் அடித்தாலும் கழுத்து சுண்ணாம்பு கலந்த நீலமாகவே நிற்கும். வெள்ளை கலக்காத தாலோ நீலத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக, காய்ந்த பச்சையின் மேல் இரண்டு மூன்று முறை ஓட்டினால் அதே கழுத்து உயிர்பெறும். இந்த வேலைக்கு எமல்ஷன் ஆகவே ஆகாது.

தயார்நிலை பெயிண்ட்டும் ஃப்ளூயிட் அக்ரிலிக்கும்

ஏர்பிரஷ்ஷுக்கென்றே வரும் பெயிண்ட்களில் கிரியேட்டெக்ஸின் விக்கெட் வரிசை, கோல்டன் ஹை ஃப்ளோ, வலேஹோ ஆகியவை இங்கே பழக்கமான பெயர்கள். நிறமியை மிக நுண்மையாக அரைத்திருப்பதால் 0.3 மி.மீ. நாசிலிலும் தடையில்லாமல் ஓடும். மெல்லிய கோடு, மென்மையான நிழல், கண்ணின் கருவளையம் என்று வந்துவிட்டால் இவற்றோடு மற்றவை போட்டி போட முடியாது. ஆனால் தயார்நிலை என்று போட்டிருப்பதை முழுக்க நம்பி அப்படியே ஊற்ற வேண்டாம். விக்கெட் போன்றவற்றுக்கு அதே நிறுவனத்தின் இளக்கும் திரவமான ரெடியூசரைப் பத்தில் ஒரு பங்காவது சேர்த்தால்தான் நுண்ணிய நாசிலில் ஒழுங்காக வரும். வெள்ளைக்கு இன்னும் கூடுதல். டைட்டேனியம் கனமான நிறமி, எல்லாப் பிராண்டிலும் முதலில் அடைப்பது வெள்ளைதான்.

சுவரில் இவற்றின் குறை, படலம் மிகவும் மெல்லியது. பெரிய பரப்பை மூட நேரமும் பெயிண்ட்டும் இறைபடும். பக்கத்தில் மறைப்புக்கு டேப் ஒட்டி எடுத்தால் பெயர்ந்து வரும் அபாயமும் உண்டு. ஒரு இரவாவது காயவிட்டு, ஒட்டும் சக்தி குறைந்த டேப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஃப்ளூயிட் அக்ரிலிக். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கோல்டன், லிக்விடெக்ஸ் போன்ற பிராண்டுகளின் அக்ரிலிக் வரிசைகளைப் பார்க்கலாம். டியூபில் வரும் கெட்டி அக்ரிலிக்கை எடுக்காதீர்கள். அதை இளக்கி இளக்கியே நேரம் போய்விடும், கட்டிகளும் முழுசாகக் கரையாது. ஃப்ளூயிட் வகையில் நிறமியின் செறிவு கெட்டி அக்ரிலிக்குக்குக் குறைந்ததில்லை, ஓட்டம் மட்டும்தான் கூடுதல். இதனால் ஒரு சின்ன பாட்டில் நிறைய தூரம் வரும். 1 பங்கு பெயிண்ட்டுக்கு 1 பங்கு ஏர்பிரஷ் மீடியம் என்று தொடங்கலாம். ஒளி ஊடுருவும் பூச்சு வேண்டுமானால் மீடியத்தை இரண்டு, மூன்று பங்கு வரைக்கும் கூட்டலாம். கூடுவது பைண்டர்தான் என்பதால் படலம் பலவீனமாகாது. எமல்ஷனைப் போல நிரப்பி இல்லை, தயார்நிலை பெயிண்ட்டைப் போல மூடும் திறனுக்குத் திண்டாட்டமும் இல்லை. முழு ஓவியத்துக்கும் ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்று கையைக் கட்டினால் நான் இதைத்தான் வாங்குவேன்.

நிறம் எடுக்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள் போன்றவற்றில் ஸ்பிரே செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கும். தூரிகையால் பூசும்போது அவை பரவாயில்லை, தூறலாகி மூச்சில் போனால் ஆபத்து. அதே சாயலுக்குப் பைரோல் சிவப்பும் ஹன்சா மஞ்சளும் இருக்கின்றன. எந்தப் பெயிண்ட்டாக இருந்தாலும் என்95 முகக்கவசம் போடாமல் ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீரில் கரையும் பெயிண்ட் என்பதால் அதன் தூள் நுரையீரலுக்கு நல்லதாகிவிடாது.

இளக்கும் முறை

பெயிண்ட்டையும் நாசிலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தயார்நிலை பெயிண்ட்டுக்கு 0.3 அல்லது 0.35 மி.மீ., காற்றழுத்தம் 20 பிஎஸ்ஐ பக்கம். ஃப்ளூயிட் அக்ரிலிக்குக்கு 0.5 மி.மீ., 25 முதல் 30 வரை. எமல்ஷனுக்கு 0.5க்குக் கீழே போகவே வேண்டாம், 0.8 மி.மீ. உள்ள சின்ன ஸ்பிரே கன் கிடைத்தால் இன்னும் நல்லது, 35 பிஎஸ்ஐ வரை ஏற்றலாம். 0.3 நாசில் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் எமல்ஷனை ரோலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலக்கும் வேலையை ஏர்பிரஷ்ஷின் கிண்ணத்துக்குள் செய்யாதீர்கள். தனிக் கோப்பையில் பெயிண்ட்டை முதலில் விட்டு, மீடியத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். பிறகு நுண்ணிய பெயிண்ட் வடிகட்டியில், இல்லாவிட்டால் பழைய நைலான் காலுறையில் வடிகட்டுங்கள். எமல்ஷனை இரண்டு முறை வடிகட்ட வேண்டும். டின்னின் மூடி ஓரத்தில் காய்ந்த தோல் எப்படியும் ஒரு துணுக்காவது விழுந்திருக்கும்.

பதம் பார்க்க எண்ணிக்கையைவிடக் கண் நல்லது. கோப்பையின் உள்சுவரில் குச்சியால் கலவையை மேலே இழுத்துவிட்டுப் பாருங்கள். பசும்பால் டம்ளரில் இறங்குவதுபோல, மெல்லிய படலத்தை விட்டுக்கொண்டு சீராக இறங்கினால் சரி. தடித்து நின்று மெதுவாக நகர்ந்தால் கெட்டி. படலமே நிற்காமல் தண்ணீராக ஓடிவிட்டால் இளக்கம் அதிகம்.

அடுத்த சோதனை அட்டையில். சுவருக்கு அடித்த அதே எமல்ஷனை ஓர் அட்டைக்கும் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். வெறும் காகிதம் வேறு மாதிரி உறிஞ்சும், அதை நம்ப முடியாது. ஒரு கை தூரத்தில் வைத்து ஒரு புள்ளி அடியுங்கள். புள்ளியிலிருந்து கால்கள் நீண்டு ஓடினால், இத்தொழிலில் ஸ்பைடரிங் என்று சொல்வது, கலவை இளகிப்போயிருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். மணல் மணலாக விழுந்தால் கெட்டி, அல்லது சுவருக்கு வருவதற்குள் காற்றிலேயே காய்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று எச்சில் தெறித்த மாதிரி புள்ளிகள் விட்டால் ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்திருக்கிறது. ஈரமான பஞ்சுக்குச்சியால் நுனியைத் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

தண்ணீரையே முதல் இளக்கியாக எடுக்காதீர்கள் என்று மேலே சொன்னேன். மற்ற கை வைத்தியங்கள் பற்றியும் கேட்பார்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம், மேலே விழும் பூச்சு ஒட்டாமல் குழிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில மாடல் பெயிண்ட்டுகளுக்குச் சரி, ஆனால் எமல்ஷனிலும் ஓவிய அக்ரிலிக்கிலும் பெயிண்ட்டைத் திரிய வைத்துவிடும், நுனியிலும் வேகமாகக் காயும். பெயிண்ட்டின் ஓட்டத்தைச் சீராக்கக் கடையில் விற்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் நல்லதுதான், கோப்பைக்குச் சில சொட்டு மட்டும். அளவு கூடினால் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும் படலம்தான் கிடைக்கும்.

நம் ஊர்க் காற்று

மேலே சொன்ன விகிதங்களை அப்படியே மனப்பாடம் செய்துவிட முடியாத காரணம் இதுதான். சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் பெயிண்ட் சுவரில் மெதுவாகக் காயும். அடுத்த பூச்சை அவசரமாக ஓட்டினால் வழியும். இந்த நிலையில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் ஒரு சொட்டுகூடத் தேவையில்லை, கலவையையும் ஒரு பங்கு கெட்டியாகவே வைக்கலாம். அதே அறையில் கதவைச் சாத்தி ஏர்கான் போட்டால் காற்று வறண்டு, நுனி சில நிமிடங்களில் காய்கிறது, தூறல் மணலாக விழுகிறது. அப்போது மீடியம் கூடுதலாக வேண்டும், ரிட்டார்டரும் கொஞ்சம் வேண்டியிருக்கும். காலையில் சன்னலைத் திறந்து வைத்து அடித்த கலவையைப் பிற்பகலில் ஏர்கான் அறையில் அப்படியே ஊற்றினால் குணம் மாறித்தான் நிற்கும். ஒரு வேலைக்கு ஒரே சூழலை வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு விருப்பம் திறந்த சன்னலும், காற்றை வெளியே தள்ளும்படி வைத்த ஒரு மின்விசிறியும். ஏர்கான் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுவதால் பெயிண்ட் தூள் அதன் வடிகட்டியில் போய்ச் சேரும். கட்டாயம் போட வேண்டுமென்றால் காய வைக்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை விடாமல் பெய்யும் நாள்களில் பூச்சுகளுக்கு நடுவே அது பெரிய உதவி.

ஈரக் காற்றின் இன்னொரு தொல்லை கம்ப்ரஷரில். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி நிற்கும், குழாய் வழியே வந்து ஓவியத்தின் மேல் ஒரு சொட்டாகத் தெறிக்கும். ஒளி ஊடுருவும் நீலத்தில் அந்தச் சொட்டு விழுந்தால் மறைக்கவே முடியாது, அந்தப் பகுதியைத் திரும்ப ஓட்ட வேண்டும். கம்ப்ரஷரில் உள்ள வடிகட்டி மட்டும் போதாது. ஏர்பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் குழாயில் பொருத்தும் சின்ன ஈரப்பிடிப்பான் ஒன்று வாங்குங்கள். வேலை முடிந்ததும் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இங்கே அதில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாக. சமன்படுத்தப் புதிதாக ஸ்கிம் கோட் என்ற மெல்லிய சிமெண்ட் பூச்சு போட்ட சுவர் காரத்தன்மை உள்ளது. நன்றாகக் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் சீலர் அடித்த பிறகே எமல்ஷன். பழைய சுவரில் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், தூளோ செதிலோ வந்தால் சுரண்டிச் சீலர் அடிக்க வேண்டும். வாசலுக்கு வெளியே தாழ்வாரச் சுவர் வீட்டுக்காரருடையதல்ல, நகர மன்றத்தைக் கேட்காமல் அங்கே எதையும் வரையாதீர்கள்.

இப்போது வாங்கும் பட்டியலுக்கு வரலாம். பிள்ளையின் அறையில் மேகம், மலை, கார்ட்டூன் உருவங்கள் என்றால் எமல்ஷனும் மீடியமும் ஒரு வெள்ளை ஃப்ளூயிட் அக்ரிலிக்கும் போதும். செலவு குறையும், கை படும் இடமென்பதால் வார்னிஷ் மட்டும் கட்டாயம். கோபுரம், விளக்கு, தாமரை மாதிரி நிறம் அடர்த்தியாக நிற்க வேண்டிய ஓவியத்துக்கு அடிப்பூச்சைத் தவிர மற்றதெல்லாம் ஃப்ளூயிட் அக்ரிலிக். பூஜை மாடத்துக்குப் பின்சுவரில் புகையும் எண்ணெயும் படியும், அங்கே துடைக்கக்கூடிய வார்னிஷாக எடுங்கள். தாத்தா பாட்டியின் முகத்தைச் சுவரில் கேட்கிறார்கள் என்றால் தயார்நிலை பெயிண்ட்டுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். தோலின் நிழலை ஒளி ஊடுருவும் பழுப்பில் பல மெல்லிய பூச்சாக ஏற்ற வேண்டும், மற்ற இரண்டிலும் அது அத்தனை சுத்தமாக வராது. தீபாவளிக்குள் முடிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, வார்னிஷுக்கு முன் காய விடும் நாள்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

இளக்கிய கலவை மிஞ்சினால் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தண்ணீர் சேர்ந்ததும் பெயிண்ட்டில் இருக்கும் பதப்படுத்தியும் நீர்த்துப் போகிறது, இந்தச் சூட்டில் எமல்ஷன் புளித்து நாற ஆரம்பிக்கும். இளக்காத பெயிண்ட்டை ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் சின்ன பாட்டிலில் நிரம்ப ஊற்றி இறுக மூடி, எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு மீடியம், எந்த நாசில், சன்னல் திறந்தா ஏர்கானிலா என்று மேலே எழுதி ஒட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அலமாரியை நகர்த்தும்போது கீறல் விழுந்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளலாம்.